ஏழாம் எண் சொன்ன பழைய பதில்

அத்தை எந்தச் சுவிட்சைப் போட்டாலும் உடனே கையை எடுக்க மாட்டாள். விரலை அதன் மேலேயே வைத்து, மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் எடுப்பாள். விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் அதே மூன்று. சின்ன வயதில் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது வெப்பமானியை வாயில் வைத்தாள். அது 'பீப்' என்று கத்திய பிறகும் என்னை எடுக்க விடவில்லை. "அது கத்திட்டுப் போகுது. நமக்கென்ன அவசரம்?" என்று மூன்று எண்ணினாள்.

அளவுக்கருவிகளின் முன்னால் இருபத்து மூன்று வருடம் உட்கார்ந்தவளின் பழக்கம் அது. ஆடுகிற முள்ளைப் படிக்கக் கூடாது, நின்ற பிறகுதான் படிக்க வேண்டும். இத்தனை நிதானம் உள்ளவள் மனிதர்களிடம் மட்டும் எண்ணிப் பார்க்க மாட்டாள். சுள்ளென்று விழுவாள். அப்படி ஒருநாள் நாற்பது பேர் முன்னால் ஒருவரைப் பொய்யன் என்று சொன்னாள். அவருடைய வேலை போயிற்று, பெயர் போயிற்று. அவர் சொன்னது பொய் இல்லை. பொய் சொன்னது நான் எழுதிய புரோகிராம்.

நாங்கள் வேலை செய்தது, மருத்துவமனைக் கட்டில்களுக்குப் பக்கத்தில் நிற்கும் கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டிகளைச் செய்கிற இடம். செங்கல் அளவில் ஒரு பெட்டி. ஒவ்வொன்றையும் சோதித்து, நல்லதாக இருந்தால் பதினான்காம் எண் முத்திரையைக் குத்தி அனுப்புவது அத்தையின் வேலை. முக்கியமான சோதனை கசிவு. பெட்டியிலிருந்து எவ்வளவு மின்சாரம் வெளியே கசிகிறது என்று பார்ப்பது. நடமாடுகிற ஆளுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. உடம்பெல்லாம் குழாயும் கம்பியுமாகப் படுத்திருப்பவருக்கு அப்படி இல்லை.

அத்தை பத்தாவதோடு நின்றவள். அப்பா லாரி ஓட்டியவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதிக்க வைத்தது அத்தை. படித்து முடித்ததும் அவளே என்னை மேலாளரிடம் கூட்டிப் போனாள். "இனிமே எல்லா சோதனையும் கம்ப்யூட்டரே பண்ணணும். உன்னால முடியுமாம்மா?" என்று மேலாளர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அத்தை, "முடியும் சார்" என்றாள்.

அத்தையின் மேசை மேல் கருவிகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு செருகி. கட்டை விரல் பருமனுள்ள சாம்பல் நிற வடத்தால் எல்லாவற்றையும் இணைத்து, கடைசி நுனியைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன்.

"என்னடி இது, பாம்பு மாதிரி?"

"இதுக்குப் பேரு பஸ், அத்தை."

"எத்தனாம் நம்பர் பஸ்? நம்ம தெருப் பக்கம் வருமா?"

"ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் உண்டு. கசிவு பாக்குற மீட்டர் ஏழு. கம்ப்யூட்டர் 'ஏழு, பேசு'ன்னா ஏழு மட்டும்தான் பேசும். மத்ததெல்லாம் வாயை மூடிக்கும்."

"ஒருத்தர் பேசறப்ப மத்தவங்க வாயை மூடிக்கிறதா? உங்க அப்பனையும் இதுல மாட்டி விடுடி."

அன்று முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நான் ஒரு வரி தட்டுவேன், ஏழாம் எண்ணிடம் "நீ யார்?" என்று கேட்கிற கட்டளை. அது தன் பெயரையும் வரிசை எண்ணையும் அனுப்பும். இன்னொரு வரி, "எல்லாவற்றையும் மறந்துவிட்டுத் தொடக்க நிலைக்குப் போ." டக்கென்று அதன் திரை வெளுத்துவிடும். கை படாமல் கருவிகள் தானாக மாறுவதைப் பார்த்து அத்தை பேக்கிங் ஆட்களையெல்லாம் கூப்பிட்டாள். "பாருங்க, எங்க பொண்ணு சொன்னா மீட்டர் எழுந்து நிக்குது!"

அந்தப் பெருமைதான் எங்களைக் கெடுத்தது.

முதலில் சரியாகத்தான் எழுதினேன். ஏழாம் எண்ணை அளக்கச் சொல்லிவிட்டு, "முடிந்ததா?" என்று கேட்டு, அது ஆம் என்ற பிறகுதான் அளவை வாங்கினேன். கசிவு மிகச் சின்ன அளவு. மீட்டர் பல முறை அளந்து சராசரி எடுக்கும், நான்கு விநாடி ஆகும். இப்படிக் கூட்டிக் கூட்டி ஒரு பெட்டிக்குத் தொண்ணூறு விநாடி ஆயிற்று. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நாற்பதுக்குக் கொண்டு வா. அதுக்குத்தானே உன்னை எடுத்தோம்?"

நான் காத்திருப்புகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். ஏழாம் எண்ணிடம் "முடிந்ததா?" என்று கேட்பதை எடுத்தேன். அளக்கத் தொடங்கச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே "கையில் இருக்கும் கடைசி அளவைக் கொடு" என்று கேட்டேன். கைப்புத்தகத்தில் அந்தக் கட்டளை உடனே பதில் தரும் என்று போட்டிருந்தது. உடனே தந்தது. முப்பத்தெட்டு விநாடி. ஒரு நல்ல பெட்டியை வைத்துப் பத்து முறை ஓட்டினேன், பத்து முறையும் 'தேறியது' என்று வந்தது. கைதட்டினார்கள்.

இன்னொன்றும் செய்தேன். அத்தையிடம் சிவப்புச் சாயம் பூசிய பெட்டி ஒன்று இருந்தது. வேண்டுமென்றே கசியும்படி செய்தது. தினமும் காலையில் முதலில் அதைத்தான் சோதிப்பாள். கருவிகள் அதைக் கெட்டது என்று சொன்னால்தான் அன்றைய வேலை தொடங்கும். "இனிமே அது தேவையில்லை. கருவிகளே தங்களைச் சோதிச்சுச் சொல்லிடும், அதுக்கும் ஒரு கட்டளை இருக்கு" என்றேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் குதறி எடுத்திருப்பாள். நான் சொன்னதால் சிவப்புப் பெட்டியை அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டாள்.

சோதனையில் தேறாத பெட்டிகள் மூலையில் இருந்த பழுது மேசைக்குப் போகும். அங்கே உட்கார்ந்தவரை எல்லோரும் டாக்டர் என்பார்கள். கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் கோல். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல அளந்து பேசுவார். என் புரோகிராம் ஓடத் தொடங்கிய பிறகு அவர் திருப்பி அனுப்பிய பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே சீட்டு: 'பழுது இல்லை.' திரும்பச் சோதித்தால் அவை தேறின. இரண்டு மாதத்தில் பத்தொன்பது பெட்டிகள்.

பத்தொன்பதாவது சீட்டோடு அத்தை அவர் மேசைக்குப் போனாள். தேநீர் இடைவேளை, கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள்.

"என்ன டாக்டரே, மறுபடியும் பழுது இல்லையா?"

"இல்லக்கா. தொறந்து பாத்தேன், அளந்தும் பாத்தேன். நல்ல பெட்டி."

"நல்ல பெட்டின்னா மெஷின் ஏன் கத்துது?"

"அதை மெஷின்கிட்டதான் கேக்கணும். எனக்கென்னவோ அந்த புரோகிராம்லதான்..."

அவர் முடிக்கவில்லை. "யோவ்! எங்க வீட்டுப் பொண்ணு படிச்சுட்டு வந்து எழுதினதுய்யா அது! ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம். தொறக்கவே இல்ல நீ. தட்டித் துடைச்சு, சீட்டு எழுதி, திருப்பி விட்டுட்டு உக்காந்திருக்க. பத்தொம்பது பெட்டி! சோம்பேறின்னா சோம்பேறின்னு ஒத்துக்கோ. பொய் சொல்லாத. பொய்யன்!"

"டாக்டருக்கே ஊசி!" என்று பேக்கிங் மேஸ்திரி பின்னாலிருந்து குரல் கொடுத்தார். கூடம் சிரித்தது. டாக்டர் கோலை அதன் தாங்கியில் வைத்தார். பூதக்கண்ணாடியைக் கழற்றித் துணியால் துடைத்தார்.

நான் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். சந்தோஷமாக இருந்தது. எனக்காக ஒருத்தி சண்டை போடுகிறாள் என்று இருந்தது. அவர் சொல்ல வந்த அந்தப் பாதி வாக்கியத்தை ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். என் படிப்பு அந்த ஒரு நிமிடத்தை எனக்குக் கற்றுத்தரவில்லை. அல்லது கற்றுத்தந்தும் நான்தான் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த வாரமே அவரை வெளியே அனுப்பினார்கள். வேலையில் அலட்சியம் என்று எழுதிய காகிதத்தில் சாட்சியாக அத்தை கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் அத்தை திரையின் முன்னால் நின்று, "இது என்னடி பூஜ்யம்?" என்றாள்.

முதல் பெட்டியின் கசிவு பூஜ்யம் என்று இருந்தது. "ரொம்ப நல்ல பெட்டி போல" என்றேன்.

"உளறாத. உயிரோட இருக்கிற பெட்டி கொஞ்சமாவது கசியும். பூஜ்யம்னா அளக்கவே இல்லைன்னு அர்த்தம். நேத்து காலையில என்ன?"

பார்த்தேன். நேற்றும் முதல் பெட்டிக்குப் பூஜ்யம். அதற்கு முந்தின நாளும். புரோகிராம் தொடங்கிய நாளிலிருந்து, ஒவ்வொரு காலையும்.

அத்தை நாற்காலி போட்டு ஏறி அலமாரி உச்சியிலிருந்து சிவப்புப் பெட்டியை எடுத்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்தாள். முதலில் ஒரு நல்ல பெட்டியைச் சோதித்தாள். பிறகு சிவப்புப் பெட்டி. 'தேறியது.' பிறகு இன்னொரு நல்ல பெட்டி. 'தேறவில்லை.' அதையே மறுபடி வைத்தாள். 'தேறியது.'

"ஒரு பெட்டி தள்ளிச் சொல்லுதுடி" என்றாள்.

ஏழாம் எண்ணின் மேல் தப்பே இல்லை. கையில் இருக்கும் கடைசி அளவைக் கொடு என்று கேட்டேன், கொடுத்தது. புதிய பெட்டியை அது அளந்து முடிப்பதற்குள் நான் கேட்டதால், அதன் கையில் இருந்தது முந்தின பெட்டியின் அளவு. காலையில் எல்லாவற்றையும் மறந்து தொடங்குவதால், முதல் பெட்டிக்கு மட்டும் பூஜ்யம். கெட்ட பெட்டி தேறி வெளியே போயிருக்கிறது. அதன் பழியைச் சுமந்து, அடுத்து வந்த நல்ல பெட்டி டாக்டரிடம் போயிருக்கிறது.

"பத்து வாட்டி சோதிச்சேன்னியே?"

"ஒரே பெட்டியை வச்சுதான்..."

"ஒரே பெட்டியா! ஒரே ஆளைப் பத்து வாட்டி பேர் கேட்டா, பத்து வாட்டியும் அதே பேரைத்தான்டி சொல்லுவான்! இதுக்கா நாலு வருஷம் படிச்சே?"

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். அவள் சிவப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அந்த மனுஷன் தொறந்துதான் பாத்திருக்கான்" என்றாள்.

மேலாளரின் அறைக்கு இருவரும் போனோம். அத்தை சோதனைப் பதிவேட்டை மேசை மேல் போட்டாள். தேறாத ஒவ்வொரு பெட்டிக்கும் முந்தினது எது என்று வட்டம் போட்டிருந்தாள்.

"பத்தொம்பது கெட்ட பெட்டி என் முத்திரையோட வெளிய போயிருக்கு. திருப்பி வரவைங்க."

மேலாளர் புரட்டிப் பார்த்தார். "அளவு கொஞ்சம்தான் தாண்டியிருக்கும்மா. இதுக்குப் போய்..."

"கொஞ்சமா? உங்க அப்பாவை அந்தக் கட்டில்ல படுக்க வச்சுட்டு வந்து சொல்லுங்க, கொஞ்சம்னு."

"பாத்துப் பேசுங்க. உங்க வேலை பட்டன் அமுக்கறது. முடிவெடுக்கறது இல்ல."

"பட்டன் யார் வேணா அமுக்கலாம் சார். முத்திரை என்கிட்டதானே இருக்கு?" என்றாள். பதினான்காம் எண் முத்திரையைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

இரண்டு நாள் ஒரு பெட்டியும் வெளியே போகவில்லை. மேலாளர் மிரட்டினார், கெஞ்சினார். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் கூப்பிட்டார். பத்தொன்பது பெட்டிகளும் திரும்ப வரும், ஆனால் ஒட்டிய பெயர்ச்சீட்டில் பிழை, அதை மாற்றத்தான் வரவழைக்கிறோம் என்று சொல்லப்படும். புரோகிராமைச் சத்தமில்லாமல் நான் திருத்த வேண்டும். இந்த அறையில் பேசியது கூடத்துக்குப் போகக் கூடாது.

"அந்தப் பழுது பாக்குறவரு?" என்று அத்தை கேட்டாள்.

"அவர் இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு. விஷயம் வெளிய வந்தா, தப்பு யாரோடதுன்னும் வரும். உங்க பொண்ணு இங்க இருக்கணுமா வேணாமா? நீங்களே சொல்லுங்க."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "பரவாயில்லை அத்தை, உண்மையைச் சொல்லிடலாம்" என்று சொல்ல நான்கு வார்த்தை போதும். எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, முதல் மாதச் சம்பளத்தில் அப்பாவுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தவள், இப்போது வேலை போய் வீட்டுக்கு வருவதா? அப்படித்தான் ஓடிற்று புத்தி.

"பெட்டி எல்லாம் வரணும்" என்று சொல்லிவிட்டு அத்தை எழுந்தாள். முகம் தெரியாத பத்தொன்பது நோயாளிகளுக்காக முட்டி மோதி ஜெயித்தாள். முகம் தெரிந்த ஒருவரை எனக்காக விட்டுக்கொடுத்தாள். மேலாளர் மேல் எனக்குக் கோபம் உண்டு. அவர் வேறு எப்படி இருப்பார், அவருக்கு நாற்பது விநாடிதான் உலகம். என் மேல் உள்ள கோபத்தை விடிந்தால் பல் துலக்கும்போது கண்ணாடியில் பார்க்கிறேன். ஆனால் அத்தை மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது? யாரைக் கேட்டு எனக்கு இந்தக் காப்பு? இப்படிக் கேட்பதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்றும் அடுத்த நொடியே தோன்றுகிறது.

டாக்டர் இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன அறையில் பழுது பார்க்கும் கடை போட்டார். "அத்தை, ஒருதடவை போய்ச் சொல்லிட்டு வந்துடு" என்றேன்.

"போறேன்டி. நீ ஒண்ணும் எனக்குச் சொல்லித்தர வேணாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள். சும்மா போய் நிற்க முடியாதாம். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியின் கம்பியைக் கத்தரியால் வெட்டி, அதைத் தூக்கிக்கொண்டு போனாள். அரை மணி நேரத்தில் புகைந்துகொண்டு திரும்பினாள்.

"என்ன ஆச்சு?"

"கம்பியை யாரோ வெட்டியிருக்காங்கன்னு சொல்றான்! நானா வெட்டினேன்? என்ன திமிரு பாரு!"

"நீதானே அத்தை வெட்டினே?"

"அது அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவருக்குத் தெரியாதா பின்னே? திறந்து பார்க்கிறவர் அல்லவா? இஸ்திரிப் பெட்டி அன்றிலிருந்து நன்றாக ஓடியது. சொல்ல வேண்டியது மட்டும் சொல்லப்படவில்லை. "அந்தாளு திருப்பி ஒரு வார்த்தை திட்டியிருந்தா நானும் சொல்லியிருப்பேன். கல்லு மாதிரி நின்னா என்னத்தைச் சொல்றது?" என்று அவர் மேலேயே பழியைப் போட்டாள். அதற்கப்புறம் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டாள்.

மறு வருடம் ஒரு காலையில் குளித்துவிட்டு வந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. டாக்டர் வந்திருந்தார். வாசலோடு நின்றுவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்து நான் அவர் கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாம் எண், கடைசி அளவு, பத்தொன்பது பெட்டி, பெயர்ச்சீட்டுப் பொய். கையில் இருந்த வேலையை நிறுத்தாமல் கேட்டார்.

"தள்ளிச் சொல்லியிருக்கும்னு நானும் நினைச்சேன்" என்றார்.

"அத்தை உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னுதான் அன்னிக்கு வந்தாங்க. அவங்க சார்பா நான்..."

"அது வேணாம்மா. எனக்கு இங்க யாரும் வந்து எதுவும் சொல்ல வேணாம். அவங்க என்னைப் பொய்யன்னது இந்தக் கடையில இல்ல. அந்தக் கூடத்துல. அந்த நாப்பது பேர் இன்னும் அங்கதான் இருக்காங்க. வழியில பாத்தா, 'என்ன டாக்டரே, இப்பவாவது தொறந்து பாக்குறீங்களா?'ங்கிறாங்க. என் பையன் கூட இருக்கும்போதே கேக்குறாங்க."

மறுநாள் தேநீர் இடைவேளையில் கூடத்தின் நடுவில் நின்று சொன்னேன். தப்பு என்னுடையது, டாக்டர் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்திருக்கிறார், அவர் எழுதிய பத்தொன்பது சீட்டும் உண்மை என்று சொன்னேன். மேலாளர் தன் அறை வாசலுக்கு வந்து நின்றார். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் தாமதமான தைரியம்.

பேக்கிங் மேஸ்திரிதான் முதலில் வாயைத் திறந்தார். "அட, விடும்மா. உனக்கு நல்ல மனசு. அந்தாளைக் காப்பாத்தப் பாக்குற."

"காப்பாத்தல. நடந்ததைச் சொல்றேன். புரோகிராம் தப்பு."

"அப்படியே இருக்கட்டும். ஆனா அக்கா தெரியாமலா சொல்லியிருப்பாங்க? இத்தனை வருஷத்துல அவங்க கெட்டதுன்னு சொன்ன ஒண்ணு நல்லதா இருந்திருக்கா?"

"அதானே" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "செத்துப் போனவங்க மேல போய்ப் பழியைப் போடுறியேம்மா" என்றாள் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற பெண்.

நான் கத்தினேன். பதிவேட்டைக் கொண்டு வந்து வட்டங்களைக் காட்டினேன். பார்த்தார்கள், தலையாட்டினார்கள், தம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு அவரவர் இடத்துக்குப் போனார்கள். மேலாளர் என்னை வேலையை விட்டுக்கூட அனுப்பவில்லை. யாரும் நம்பாத ஒன்றுக்காக எதற்கு அனுப்ப வேண்டும்?

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "நம்பினாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"நம்ப மாட்டாங்க. உங்க அத்தை சொல்லுக்கு அங்க அவ்வளவு மதிப்பு" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

நான் சொன்னது என் பங்கு. அது அவர் கணக்கில் ஏறவே இல்லை. 'நான் சொன்னது தப்பு, அவர் பொய்யன் இல்லை' என்று அந்தக் கூடத்தில், அந்த நாற்பது பேர் காதில் விழும்படி, அத்தை தன் வாயால் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அதை அவள் அவருக்குத் தர வேண்டும். தராமலே போய்விட்டாள்.